சிபில் இல்லாமல் புதுச்சேரியில் வாடகை வீட்டுக்குக் கடன்

பிரான்சில் வாழ்ந்துகொண்டு, பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள், வாடகைக்கு விடுவதற்காக இங்கே வீடு வாங்க முனையும்போது, இந்தியாவில் கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இல்லையே என்றுதான் முதலில் தயங்குகிறார்கள். இந்தியாவில் கடனே வாங்காதவருக்கு அது இருக்காது என்பது வங்கிக்கும் தெரியும்; ஆகவே சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், பிரான்சிலுள்ள வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கொண்டே அது முடிவெடுக்கும். பிரான்சில் மதிப்பெண் முறையே கிடையாது என்பதைக் கடன் அதிகாரிக்கு எழுத்தில் விளக்கிவிடுவது நல்லது.

கடன் 75 லட்சம் ரூபாயைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 75 சதவீதமே கிடைக்கும். பத்திரச் செலவு அதில் சேராது. மீதிக்கு நீங்கள் போடும் சொந்தப் பணம் வங்கி வழியாகவே வர வேண்டும்.

ஊரிலிருக்கும் தம்பிக்குப் பவர் கொடுப்பதானால், அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று) பெற்ற அந்தப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தாய்ப்பத்திரம் பழைய பிரெஞ்சு ஆவணமாக இருந்தால், வங்கி வழக்கறிஞர் கேட்கும் முன்பே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் இழுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று: வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் பொதுவாக 31.2 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும் என்பதால், 20,000 ரூபாய் வாடகையில் கைக்கு வரும் 13,760 ரூபாயை வைத்தே மாதத் தவணையைக் கணக்கிட வேண்டும்.