காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம் பழுப்பாக இருந்தால் சரி. அந்தக் கண் எளிதில் வந்துவிடாது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிளக்கின் நிறம் பல நிமிட ஓட்டத்தின் மொத்தக் கணக்கு. மூன்றாவது கியரில் 4,000 ஆர்.பி.எம். வரும்போது அரை நொடி மட்டும் கலவை லீன் (காற்று கூடி, பெட்ரோல் குறைந்த நிலை) ஆனதை அது காட்டாது. அதைக் காட்டத்தான் சென்சாரும் பதிவும் வேண்டும்.

இதற்கு இன்று பெரும் பணம் தேவையில்லை. புகைக்குழாயில் பொருத்தி, கலவை எவ்வளவு என்று அளக்கும் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார், அதை இயக்கும் சிறிய கன்ட்ரோலர், எண்களைச் சேமிக்க ஓர் ஆர்டுயினோ போர்டும் எஸ்.டி. கார்டும், அல்லது வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப். இவ்வளவு போதும். கருவி மலிவாக இருப்பதால் யாருக்கும் நட்டம் வருவதில்லை. அதைப் பொருத்துவதிலும் எண்ணைப் படிப்பதிலும்தான் வருகிறது. தவறான எண்ணை நம்பி ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகை) மாற்றுகிறவர், எண்ணே இல்லாதவரைவிட இன்ஜினை அதிகமாகக் கெடுத்துவிடுகிறார்.

முதல் தவறு, காரில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரிலிருந்து ஒரு வயரை இழுத்து மீட்டரில் கொடுப்பது. பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது நேரோபேண்ட் வகை. அது ஏறக்குறைய 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை தரும். சரியான கலவையில், 0.45 வோல்ட்டை ஒட்டி, சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும். கலவை ரிச்சா (பெட்ரோல் அதிகமா) லீனா என்பதை மட்டும் அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு கிலோ பெட்ரோலுக்குக் காற்று 12.5 கிலோ இருக்கிறதா 11 இருக்கிறதா என்று அதனிடம் கேட்க முடியாது. வண்ண விளக்குகள் வரிசையாக ஏறி இறங்கும் மலிவு மீட்டர்கள் இந்த வோல்ட்டேஜைத்தான் காட்டுகின்றன. பார்க்க அழகு, டியூனிங்குக்கு உதவாது.

காரின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. பிளக்கில் செருகும் புளூடூத் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 கட்டாயம். அதற்குப் பிந்தைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிறிய கருவி உண்மையிலேயே பயன்படும். குறுகிய கால, நீண்ட கால ஃப்யூல் டிரிம் எண்களைப் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்த்தால் காற்றுக் கசிவையும் அடைத்த இன்ஜெக்டரையும் ஊகித்துவிடலாம். ஆனால் இரண்டு இடங்களில் இது ஏமாற்றும். ஒன்று, செயலியில் தெரியும் லாம்ப்டா எண் (முழுவதும் எரியத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு காற்று போனது என்பது; 1 என்றால் சரி, குறைந்தால் ரிச், கூடினால் லீன்) பல நேரங்களில் அளந்த எண்ணே அல்ல. கம்ப்யூட்டர் 'இவ்வளவு வேண்டும்' என்று கேட்கும் இலக்கு. இலக்கையே விடையாகப் படித்தால் எல்லாம் எப்போதும் சரியாகத்தான் தெரியும். இரண்டு, முழு ஆக்ஸிலரேட்டரில் பெரும்பாலான கார்களின் கம்ப்யூட்டர் சென்சார் சொல்வதை விட்டுவிட்டுத் தன் அட்டவணைப்படி பெட்ரோல் விடும். அந்த நேரத்து டிரிம் எண்ணில் தகவல் இல்லை. பழைய கார்களில் வேகமும் குறைவு. பத்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒரு முறைதான் வரும். தேவையான மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது 14.7 என்ற எண்ணின் மீதான பக்தி. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலின் கணக்கு. இன்று பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. சி.என்.ஜி.க்கு 17-ஐத் தாண்டும். ஆனால் சென்சாருக்கு எரிபொருள் எது என்று தெரியாது. புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனையும் எரியாமல் வந்ததையும் வைத்து அது உணர்வது லாம்ப்டாவை மட்டுமே. மீட்டர் அந்த லாம்ப்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே, எத்தனால் கலந்த பெட்ரோல் சரியாக எரியும்போதும் மீட்டரில் 14.7 என்றுதான் வரும். இதை அறியாமல், 'இந்தப் பெட்ரோலுக்கு 13.5தானே' என்று மீட்டரில் 13.5 வரும்வரை திருகினால் லாம்ப்டா 0.92-க்கு இறங்கிவிடும்; எட்டு சதவீதம் பெட்ரோல் வீண், பிளக்கில் கரி.

இதற்கு ஒரே வழி, மீட்டரை லாம்ப்டாவுக்கு மாற்றிக்கொள்வது. எந்த எரிபொருளானாலும் 1 என்பது 1தான். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனையும் அதே மொழியைப் பேசுகிறது: பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய 2,500 ஆர்.பி.எம்.மில் லாம்ப்டா 1-க்கு மேலும் கீழும் 0.03-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சீரான ஓட்டத்தில் 1, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் முழு ஆக்ஸிலரேட்டருக்கு 0.85 முதல் 0.88, டர்போ இருந்தால் அதைவிடச் சற்றுக் குறைவு. எல்லா நேரத்திலும் 1 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து மேட்டில் முழு வேகத்தில் ஓட்டினால் வால்வும் பிஸ்டனும்தான் விலை கொடுக்கும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில் நடக்கும் தவறுகளுக்குக் கணக்கில்லை. எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒன்று சேரும் இடத்துக்குப் பிறகு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்பு, இன்ஜினிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்கினால் சென்சார் வெந்துபோகும். குழாயின் அடிப்பக்கத்தில் தொங்கவிட்டால், காலையில் வண்டியை எடுத்ததும் உள்ளே ஊறும் நீர்த்துளி, 780 டிகிரி வரை சூடாகும் பீங்கான் மீது பட்டு அதை வெடிக்கச் செய்யும். ஆகவே படுக்கைக் கோட்டுக்கு மேலே பத்து டிகிரியாவது சாய்ந்து நிற்க வேண்டும். லேத் பட்டறையில் 18 மி.மீ. மரை போட்ட வளையம் கடைந்து கொடுப்பார்கள். வெல்டிங் முடிந்ததும் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். சென்சாருக்கு முன்னால் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், புகையின் இரு துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். மீட்டர் லீன் என்று பொய் சொல்லும். சைலன்சர் முனையில் மாட்டும் கிளிப் வைத்து ஐடிலிங்கில் அளப்பவர்களுக்கும் இதே கதிதான். ஓட்டத்தில், பாரத்தில் மட்டுமே அந்த எண்ணுக்கு ஓரளவு மதிப்பு உண்டு.

மிஸ்ஃபயரும் இதே வேடம் போடும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் ஆக்ஸிஜன் முழுவதும் அப்படியே வெளியே வரும், மீட்டர் லீன் காட்டும். பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர் இன்னும் கூடும். மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் இந்தச் சுழலில் சிக்கி, கோளாறு பழைய பிளக் வயரில் இருக்கும்போது கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. முதலில் பிளக், வயர், டைமிங், வால்வு இடைவெளி எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகே சென்சார்.

இப்போது எர்த். வீட்டிலேயே பதிவுக் கருவி செய்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். பரவலாகப் பயன்படும் ஒரு கன்ட்ரோலர் வகையில், வெளியே வருவது 0 வோல்ட் என்றால் காற்று–எரிபொருள் விகிதம் 7.35, 5 வோல்ட் என்றால் 22.39, அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3. சென்சாரின் ஹீட்டர் இரண்டு ஆம்பியர் இழுக்கிறது, எர்த் கொடுத்த போல்ட்டில் துருவினால் வெறும் 0.05 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 வோல்ட் அங்கேயே எழும்பிவிடும். பதிவுக் கருவியின் எர்த் வேறோர் இடத்தில் இருந்தால் 12.8 என்பது 13.1 என்று பதிவாகும். மீட்டர் ஒன்று சொல்லும், லேப்டாப் வேறொன்று சொல்லும். கன்ட்ரோலர், பதிவுக் கருவி இரண்டின் எர்த்தையும் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில், பெயின்ட் சுரண்டி இறுக்குங்கள். சரிபார்ப்பது எளிது: இன்ஜின் ஐடிலிங்கில் நிலையாக ஓடும்போது ஹெட்லைட்டையும் பின்பக்கக் கண்ணாடி சூடேற்றியையும் போட்டுப் பாருங்கள். மீட்டரில் எண் நகராமல் பதிவில் மட்டும் நகர்ந்தால் எர்த் சரியில்லை.

வோல்ட்டேஜைப் பிரித்து அளக்க ஆர்டுயினோ யூனோவில் உள்ள 1,024 படிகள் இந்த வேலைக்குத் தாராளம். ஈ.எஸ்.பி. 32 போர்டு என்றால் அதன் உள்ளீடு 3.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைக்காமல் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் போர்டு போய்விடும். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வயர் இழுப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

லாம்ப்டாவை மட்டும் தனியே பதிவு செய்வது இன்னொரு வீண் வேலை. 0.93 என்ற எண் ஐடிலிங்கிலா, மேட்டிலா, ஆக்ஸிலரேட்டரை விட்டபோதா? ஆர்.பி.எம்., திராட்டில் நிலை அல்லது மேனிபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தம், இன்ஜின் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு ஆகியவை பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை. நொடிக்குப் பத்து முதல் இருபது முறை போதும். புகை சென்சாரை வந்தடையச் சிறிது நேரம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள், குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்தத் தாமதம் கூடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்திய நொடியில் தெரியும் எண் அதற்கு முந்தைய கலவையுடையது. நிலையாக இரண்டு மூன்று நொடி ஓடிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒற்றைத் தாவல்களை விட்டுவிடுங்கள்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், வெயிலும் மலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. 40 டிகிரி மே மாத மதியத்தின் காற்று, 25 டிகிரி காலைக் காற்றைவிட ஐந்து சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர்ச் சமவெளியில் லாம்ப்டா 1-க்குச் சரிசெய்த கார்புரேட்டர் வண்டி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது ஏறக்குறைய 0.96-க்குப் போயிருக்கும். கார்புரேட்டருக்கு அடர்த்தி குறைந்ததை உணரும் வழி இல்லை, அதனால் பெட்ரோல் மிஞ்சுகிறது. அந்தப் பதிவைப் பார்த்து மலை மேலேயே சின்ன ஜெட் போட்டால், கீழே இறங்கி ஆம்பூர் வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது இன்ஜினுக்குள் தட்டும் ஓசை (நாக்கிங்) கேட்கும். பி.எஸ்.4 காலத்து இன்ஜெக்‌ஷன் கார் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். எந்தப் பதிவானாலும் கோப்பின் பெயரிலேயே தேதி, நேரம், வெப்பநிலை, இடம், எந்த பங்க் பெட்ரோல், அன்று மாற்றிய ஒரே ஒரு பொருள் இவற்றை எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஜெட்டையும் டைமிங்கையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முழு ஆக்ஸிலரேட்டர் சோதனையைப் பள்ளிகொண்டா சாலையில் செய்யாதீர்கள். லாரியும் ஊரிலிருந்து குறுக்கே வரும் சைக்கிளும் உள்ள சாலை அது. சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது, டைனோ (வண்டியை உருளை மேல் ஓடவிட்டு அளக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. சாதாரண ஓட்டத்திலும் மீட்டரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவதையும் சிலர் டியூனிங் என்கிறார்கள். அது சட்டப்படி தவறு; எதிரே மூச்சு விடுகிறவருக்கும் கேடு.

சென்சாரைக் காப்பாற்றுவது தனிப் பாடம். இன்ஜின் ஓடாமல் ஹீட்டரை மட்டும் நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள். அதேபோல ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமல் சென்சாரைக் குழாயில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டாதீர்கள், கரி படிந்து சில நாளிலேயே செத்துவிடும். வேலை முடிந்தால் கழற்றிவிட்டு மரை மூடியைப் போடுங்கள். சிலிகான் பசை எக்ஸாஸ்ட் பக்கம் வரவே கூடாது. வைட்பேண்ட் சென்சார்களில் எல்.எஸ்.யூ. 4.9 என்ற வகையில் சென்சாரின் அளவுத்திருத்தம் அதன் கனெக்டருக்குள் உள்ள ரெசிஸ்டரில் இருக்கிறது. வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டி ஒட்டினால் அந்தத் திருத்தம் போய்விடும். பழைய 4.2 வகையில் அவ்வப்போது திறந்த காற்றில் அளவு திருத்த வேண்டும். அதைப் பைக் ஓடிக்கொண்டிருக்கும் ஷெட்டுக்குள் செய்யாமல் வெளியே வெட்டவெளியில் செய்யுங்கள். எந்த வகையானாலும், திறந்த காற்றில் சூடேறிய பிறகு கருவி தன் உச்ச அளவைக் காட்டவில்லை என்றால் அந்தச் சென்சாரை வைத்து ஒரு ஜெட்டையும் மாற்றாதீர்கள். புதியது வாங்குங்கள், அதையும் பெட்டியில் பெயர் மட்டும் ஒத்திருக்கும் போலியாக இல்லாமல் பில் தரும் கடையில் வாங்குங்கள்.