மீகடத்திப் படலமும் காந்தப்புலமும்: நாம் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் என் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் மீகடத்தியைப் பற்றி, அதாவது மிகக் குளிரில் மின்தடையே இல்லாமற்போகும் பொருளைப் பற்றிக் கேட்டால், பிள்ளைகள் கரும்பலகையில் கீறும் வரைபு அநேகமாக ஒன்றுதான். தடை பூச்சியத்தில் கிடக்கும். காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறும். பிறகு சாதாரண உலோகத்தின் தடையில் மட்டமாக ஓடும். தடித்த ஈயக் கம்பிக்கு இது ஓரளவு சரி. சில நனோமீற்றர் தடிப்புள்ள படலத்துக்கு இதே கோட்டைக் கீறினால் பிழை.

புலம் படலத்துக்குச் செங்குத்தாக வந்தால், சிறு சுழிகளாக உள்ளே இறங்கும். ஒவ்வொரு சுழியிலும் காந்தப் பாயம் ஒரே அளவு: ஏறத்தாழ 2.07 × 10⁻¹⁵ வெபர். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கையில் பார்த்த சுழிதான், ஆனால் இங்கே சுழல்வது இலத்திரன் சோடிகள். சுழி வந்ததுமே தடையும் வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். படலத்தின் குறைபாடொன்றில் அது சிக்கிக்கொண்டால், கட்டையில் கட்டிய மாடு மாதிரி நின்றுவிடும். மின்னோட்டம் தள்ளி அது நகர்ந்தால்தான் மின்னழுத்த வித்தியாசமும், அதனால் தடையும் தோன்றும்.

ஆகப்பெரிய பிழை அந்த மட்டமான கோடு. 1990இல் ஹெபார்ட், பாலனென் என்ற ஆய்வாளர்கள் இந்தியம் ஒட்சைட்டுப் படலங்களில், புலத்தைக் கூட்டினால் மீகடத்தி, மின்னைக் கடத்தாத காவலியாகவே மாறுவதைக் காட்டினார்கள். குறித்த ஒரு புலத்துக்குக் கீழே, குளிரக் குளிரத் தடை குறையும்; அதற்கு மேலே, குளிரக் குளிரக் கூடும். பிற்காலத்தில் இந்தியம் ஒட்சைட்டிலும் தைத்தேனியம் நைத்திரைட்டிலும் தடை பெரிய உச்சிக்கு ஏறி, இன்னும் புலத்தைக் கூட்ட இறங்குவதையும் அளந்தார்கள். சோடிகள் உடையாமலே அங்கங்கே முடங்கிக் கிடப்பதுதான் காரணம் என்பது பலருடைய விளக்கம். பாடத்திட்டத்தில் இது இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

புலத்தின் திசையையும் எழுதுங்கள். சமாந்தரமாக வந்தால் மெல்லிய படலத்தில் சுழிக்கு இடமே இல்லை. மிகக் கூடிய புலத்தையும் அது தாங்கும்.

அப்புறம் அளவீடு. மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். அப்போதும் சிறு தடை காட்டும். அது வயரின் தடை. அதனால் நான்கு வயர் வேண்டும்: இரண்டில் ஓட்டம், மற்ற இரண்டில் அழுத்த வித்தியாசம். கிடைத்த ஓமை அப்படியே ஒப்பிடவும் கூடாது. படலத்தை இரு மடங்கு நீளமாக வெட்டினால் தடை இரட்டிக்கும்; அகலத்தையும் இரட்டித்தால் பழையபடி வந்து நிற்கும். ஒரு சதுரத்தின் தடைதான் கணக்கு. பேர்போன 6.45 கிலோஓமுடன் (இலத்திரன் சோடிகளுக்கான தடைக் குவாண்டம், h/4e²) ஒப்பிடுவதும் அதைத்தான். காவலியாக மாறும் இடத்தில் அந்த எண்ணே வரும் என்று பாடமாக்காதீர்கள், படலத்துக்குப் படலம் அது மாறும்.