ஈரப் பலகையும் இன்னும் சில தவறுகளும்

வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பாடம் எடுத்த பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் என் தச்சுப் பட்டறைக்கு வருவார்கள். போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த புத்தகத் தட்டைப் பார்த்ததும் மனது கனத்தது. சாதாரண தரத்துக்குப் படித்தபோது நான் செய்த தட்டும் இப்படித்தான் வெடித்தது. கோணல் ஆணி, பிசகிய வெட்டு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை கை பழகினால் சரியாகிவிடும்.

ஈர மரத்தில் மூட்டுப் போடுவது

நான் அந்தத் தட்டைச் செய்தது ஆடி மாதம். ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. தோட்டத்தில் டர்பன்டைன் என்கிறோமே, அந்த யூகலிப்டஸ் பலகை சும்மா கிடைத்தது. கழுந்தை, அதாவது ஒரு பலகையின் முனையில் செதுக்கிய நாக்கை, மற்றதன் துளைக்குள் தட்டித்தான் இறக்கினேன், அவ்வளவு இறுக்கம். மாசியில் பகல் வெயிலும் காய்ந்த காற்றும் வந்தபோது கழுந்து ஆடியது, மேற்பலகை நீளத்துக்கு வெடித்தது. ஒரு தவணை உழைப்பு வீண். பலகை காய்ந்ததா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவதோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை வளைவதும் அதனால்தான். யூகலிப்டஸ் நிறையவே சுருங்கும்.

சரி, காய்ந்ததை எப்படி அறிவது? வாரம் ஒருமுறை பலகையைத் தராசில் நிறுத்து கொப்பியில் எழுதுங்கள். சின்னத் துண்டை வெட்டி நிறுக்காதீர்கள். அது சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். தொடர்ந்து சில வாரம் எடை குறையாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

பலகைகளை இஸ்தோப்பில், இடையிடையே ரீப்பைத் துண்டு வைத்து அடுக்குங்கள். முனைகளில் பெயின்ட் பூசுங்கள். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே ஏற்றினால் முனையிலிருந்தே வெடிக்கும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதனால் பழைய கதவுச் சட்டம், உடைந்த மேசைக் கால் தேடுங்கள். நான் இப்போது பிள்ளைகளுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அப்புறம், காய்ந்த பலகையும் மழைக்காலத்தில் கொஞ்சம் ஊதும். அகலமான மேற்பலகையை நாலு பக்கமும் பசை போட்டு இறுக்காமல், திருகாணித் துளையைக் குறுக்குவாட்டில் நீட்டிக் குடையுங்கள்.

படத்தைக் கடைசியில் வரைவது

பொருளை முடித்துவிட்டு, அதைப் பார்த்துப் படம் வரைகிறார்கள். அளவு பிழைத்தால் தாளில் அழிக்கலாம், அறுத்த பலகையை ஒன்றும் செய்ய முடியாது.

முதற்கோண எறியம்

பொருளின் பக்கங்களைத் தாளில் அடுக்கும் ஒரு முறை இது. மேலிருந்து பார்த்து வரையும் கிடைப்படம், முன்னாலிருந்து பார்த்து வரையும் முகப்பு நிலைப்படத்துக்குக் கீழே வரும். கிடைப்படம் மேலே வரும் மூன்றாங்கோண முறையோடு கலக்காதீர்கள்.

கொங்கிறீற்றுக்குத் தண்ணீர்

சீமெந்து, மணல், கல் 1:2:4 என்று எழுதிவிட்டு, குழைக்க இலகு என்று தண்ணீரை ஊற்றாதீர்கள். கூடின தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளையாகும், பலம் குறையும்.