டெல்லியின் வரலாற்றைக் கற்களில் வாசிப்பது எப்படி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

டெல்லிக்கு முதன்முறை செல்வோர் பலரும் செங்கோட்டையில் சுற்றுலாவைத் தொடங்குவதால், நகரத்தின் கதையைப் பாதியிலிருந்து கேட்க நேர்கிறது. தெற்கே, குதுப் மினார் இருக்கும் மெஹ்ரௌலியில் தொடங்குங்கள். அவசரமின்றிப் பார்க்க இரண்டு நாட்கள் ஒதுக்குங்கள்.

படி 1: காலையிலேயே குதுப் மினார் வளாகத்துக்குச் சென்றுவிடுங்கள். சுமார் 73 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் முன், அருகிலுள்ள குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதியின் தூண்களை நெருங்கிப் பாருங்கள். 27 கோயில்களின் கற்கள் இதில் பயன்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. சங்கிலியில் தொங்கும் மணிகள் செதுக்கப்பட்ட அத்தூண்கள், உயரம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தப்பட்டிருப்பதும், அவை பொருந்தும் இடமும் கண்ணுக்குத் தெரியும். பிறகு இரும்புத் தூணுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் பெரிய வளைவின் ஓரத்தைக் கவனியுங்கள். கற்கள் படுக்கை வரிசையில், ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சற்று முன்தள்ளி அடுக்கப்பட்டிருக்கும். புதிதாகக் கேட்கப்பட்ட வடிவத்தை உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்கள் கைக்குப் பழகிய முறையிலேயே உருவாக்கினார்கள்.

படி 2: அதே வளாகத்தில், 1311இல் எழுந்த அலாய் தர்வாசா என்னும் நுழைவாயிலுக்கு நடந்து செல்லுங்கள்.  இங்கே ஆப்பு வடிவக் கற்கள் விசிறிபோல் விரிந்து ஒன்றையொன்று தாங்குகின்றன. நூறாண்டுத் தொழில்நுட்ப மாற்றத்தைச் சில நிமிட நடையில் காண முடிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

படி 3: ஹுமாயூன் கல்லறையில் உட்கூரையையும் வெளியே தெரியும் குவிமாடத்தையும் ஒப்பிடுங்கள்; இரண்டும் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட தனித்தனிக் குவிமாடங்கள். அருகிலுள்ள நிஜாமுதீன் தர்காவில், 1325இல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் அதே ஆண்டில் மறைந்த கவிஞர் அமீர் குஸ்ரோவும் அடக்கமாகியுள்ளனர். காலணியைக் கழற்றி, தலையை மூடிச் செல்லுங்கள்.

படி 4: செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஷாஜகான் 1639இல் தொடங்கிய இக்கோட்டைக்குள் பரந்த புல்வெளிகளைக் கண்டால், 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இடித்த மாளிகைகளின் இடம் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 5: குடியரசுத் தலைவர் மாளிகைக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். தலைநகர மாற்றம் 1911இல் அறிவிக்கப்பட்டு, புதுடெல்லி 1931இல் திறந்துவைக்கப்பட்டது. மாளிகையின் குவிமாடம் சாஞ்சித் தூபியை நினைவூட்டும். ஆனால் பார்வையைத் தூண்களின் உச்சிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கேயும், மெஹ்ரௌலியில் கண்டதுபோல, கல்லில் செதுக்கிய மணிகள் தொங்குகின்றன.