கையில் ஸ்ட்ரெஸ் பிராக்சர்: கோட் போடுகிறவர்கள் விழும் குழிகள்

வவுனியாவில் என்னிடம் மெடிக்கல் கோடிங், அதாவது டொக்டர் எழுதிய குறிப்பை பில்லுக்கான கோட்களாக மாற்றும் வேலை, பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் உயிரியல் படித்தவர்கள். எலும்புகளின் பெயரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கையில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் (அடிபடாமல், திரும்பத் திரும்ப இழுபட்டு எலும்பில் விழும் மெல்லிய வெடிப்பு) என்று ஒரு அமெரிக்க ஃபைல் வந்தால், ஒவ்வொரு வகுப்பும் நான் முன்பு விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறது. இலக்கம் இடம் மாறுவது, எழுத்து விடுபடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றைப் பெரும்பாலும் சொஃப்ட்வெயரே பிடித்துவிடும்.

பிராக்சர் என்று கண்டதும் எஸ் 62க்கு ஓடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். எஸ் 62 என்பது அடிபட்டு முறிந்த கை, மணிக்கட்டு எலும்புகளுக்கான கோட்.

அண்மையில் பயிற்சிக்குக் கொடுத்த ஒரு குறிப்பு. ரெனிஸ் ஆடும் மாணவி, வலது கை. சில வாரமாகப் புறங்கையில், சுட்டுவிரலுக்கு நேர் கீழே நோவு. மட்டை பிடிக்கும் விதத்தை மாற்றிய பிறகு கூடியிருக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை. எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐயில் இரண்டாம் மெட்டாகார்ப்பலின் (சுட்டுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பு) அடிப்பகுதியில் மெல்லிய கோடு, எலும்பு மச்சையில் நீர்க்கோர்வை. இவ்வளவையும் எழுதிய டொக்டர் கடைசி வரியில் "இரண்டாம் மெட்டாகார்ப்பல் அடியில் பிராக்சர், வலது" என்று முடித்துவிட்டார். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே இல்லை.

ரெனிஸ் ஆடுபவர்களுக்கு இந்த இடத்தில் இப்படி வருவது மருத்துவத்தில் தெரிந்த சங்கதி. ஆனால் கை உடற்பாரம் தாங்குவதில்லை. ஆகவே காலில் வருவது போல அடிக்கடி வராது, கோடர்களுக்கும் கண் பழகவில்லை.

பலரும் போட்ட கோட் எஸ் 62.310ஏ. அடிபட்டு, இடம் விலகிய முறிவு என்பது அதன் பொருள். "இடம் விலகியது எண்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "சொல்லாட்டி விலகினதா எடுக்கச் சொல்லி விதி இருக்கு சேர்" என்றார் ஒருவர். விதி சரிதான், ஆனால் அது அடிபட்ட முறிவுக்கு உரிய விதி. பிழையான வீட்டுக்குள் புகுந்துவிட்டு அந்த வீட்டுச் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினால் இப்படித்தான் வரும்: எக்ஸ்றேயிலேயே தெரியாத மயிரிழைக் கோடு, ஏட்டில் இடம் விலகிய முறிவாகிவிட்டது.

இதன் செலவு எங்கே விழுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. எஸ் என்று தொடங்கும் கோட்டைக் கண்டதும் இன்சூரன்ஸ்காரருக்கு விபத்து என்ற எண்ணம் வரும். எங்கே நடந்தது, வாகனமா, வேலைத்தலமா, வேறு யாராவது பணம் கட்ட வேண்டியவர்களா என்று வீட்டுக்குப் படிவம் போகும். நடக்காத விபத்துக்கு அந்த மாணவியின் தாய் என்ன எழுதுவாள்? படிவம் திரும்பி வரும்வரை பில் தொங்கும். பிறகு திருத்திய பில், திருப்பி விளக்கக் கடிதம், எங்கள் பக்கத்தில் இன்னொரு இரவு வேலை.

லான்ட்மாஸ்டர் பெட்டியின் கொளுக்கி கல்லில் மோதி ஒரே நாளில் உடைவது வேறு, காலபோகம் சிறுபோகம் என்று நெல் இழுத்து இழுத்து மெல்ல வெடிப்பது வேறு. இரண்டாவதுதான் ஸ்ட்ரெஸ் பிராக்சர். அதன் இடம் எம் 84.34. வலது கைக்கு எம் 84.341, இடது கைக்கு 84.342. வலது விரலுக்கு 84.344, இடது விரலுக்கு 84.345. டொக்டர் "ஸ்ட்ரெஸ் ரியாக்சன்" என்று எழுதினாலும் எம் 84.3தான். இதையும் எஸ் 62ஐயும் ஒரே முறிவுக்குச் சேர்த்துப் போடவும் முடியாது.

அதற்காக, கதையை வாசித்துவிட்டு நீங்களாகவே எம் 84.341 போட்டுவிடாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்யும் பிழை இது. நோயைத் தீர்மானிப்பது கோடரின் வேலை அல்ல. டொக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். "இது ஸ்ட்ரெஸ் பிராக்சர்தானே?" என்று பதிலை அவர் வாயில் ஊட்டக்கூடாது. குறிப்பில் இருப்பதை எடுத்துக் காட்டி, அடிபட்ட முறிவா, ஸ்ட்ரெஸ் பிராக்சரா, நோயினால் வந்த முறிவா, வேறெதுவுமா, சொல்ல முடியாதா என்று தெரிவுகளைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதல் விசிட் ஏ, அடுத்தது டி என்று எண்ணுவது

கோட்டின் கடைசியில் வரும் ஏழாவது எழுத்து, எத்தனையாவது விசிட் என்ற கணக்கு அல்ல. முறிவுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை, புது டொக்டரிடம் போனாலும், ஏ. அது முடிந்து, ஆறுகிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் டி. ஆறத் தாமதித்தால் ஜி, ஒட்டவே இல்லை என்றால் கே. எஸ் 62இல் திறந்த முறிவுக்கு (தோல் கிழிந்த முறிவு) இருக்கும் பி, எம் 84.3இல் கிடையாது. போட்டால் பில் அப்படியே திரும்பும்.

"சந்தேகம்" என்பதற்குக் கோட் போடுவது

டொக்டர் "ஸ்ட்ரெஸ் பிராக்சர் சந்தேகம்" என்று எழுதினால், வெளிநோயாளர் ஃபைலில் அதற்குக் கோட் போடக்கூடாது. வலது கை நோவு என்றால் எம் 79.641, அதோடு நிற்கவும். விடுதியில் தங்கியவரின் டிஸ்சார்ஜ் குறிப்புக்கு விதி வேறு.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தைக் கொண்டுவருவது

இங்கே வைத்தியசாலைப் பதிவறையில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது. நீங்கள் அங்கே பார்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10. அதில் இடக்குறி 4 என்றால் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், மெட்டாகார்ப்பல், விரல் எல்லாம் சேர்ந்து கை. வலது இடது இல்லை, ஏழாவது எழுத்தும் இல்லை. அமெரிக்காவில் 2015 ஒக்டோபர் 1 முதல் நடப்பது அதன் அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம்; மேலே சொன்ன கோட்கள் அதில் உள்ளவை. வருடா வருடம் ஒக்டோபர் 1இல் புதுப் பதிப்பு நடைமுறைக்கு வரும். போன வருடப் பிடிஎஃபை வைத்துக்கொண்டு என்னிடம் வாதாட வராதீர்கள்.

வலதா இடதா தெரியாது என்பது

குறிப்பில் இருக்கும். வாசியுங்கள்.

எலும்புத் தேய்வைக் கவனிக்காமல் விடுவது

நோயாளிக்கு ஒஸ்ரியோபொறோசிஸ் இருக்கிறது என்று பழைய பக்கத்தில் எழுதியிருந்தால் எம் 84.3இல் கை வைக்க முன் நில்லுங்கள். அந்த நோயால் வந்த முறிவு எம் 80க்குப் போக வேண்டியது. தொடர்பு தெளிவில்லை என்றால் திரும்பவும் டொக்டரிடம்தான்.

காரணத்தை எழுதாமல் விடுவது

எம் 84.3 தலைப்பின் கீழேயே புறக்காரணக் கோட்டைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்த அசைவு என்றால் எக்ஸ் 50.3. என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கான ஒய் 93 ஒரே ஒரு தடவை, சிகிச்சையின் தொடக்கத்தில் மட்டும்.

ஆறிப்போனதற்கும் எம் 84

இல்லை. முன்பு வந்து ஆறிப்போன ஸ்ட்ரெஸ் பிராக்சருக்கு இசட் 87.312.