ஹோபி 16-இல் தனி ஆளாக: பெரிய பாயைக் கட்டுக்குள் வைக்கும் முறை

ஹோபி 16 இரண்டு மிதவைகள் கொண்ட கேட்டமரான் வகைப் பாய்ப்படகு, இருவருக்கானது. எடை 145 கிலோ, பெரிய பாய் மட்டும் 148 சதுர அடி. கூட வருபவர் கடைசி நேரத்தில் கைவிரித்த ஞாயிற்றுக்கிழமையிலும் பாய் அதே அளவுதான். அதற்கு எதிராகச் சாய்ந்து உட்காரும் எடைதான் பாதி. கவிழ்ந்தால் ஒல்லியான ஓர் ஆளுக்கு இந்தப் படகு எளிதில் நிமிர்ந்து கொடுக்காது. ஆகவே முதல் தனிப் பயணத்துக்குப் பத்து நாட் (knot, மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகக் காற்றே தாராளம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் போகவே வேண்டாம்.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரத்தில் பழகியவருக்கும் இதன் கயிறுகள் புதிது.

1. டவுன்ஹால்

பெயரைக் கேட்டதும் கோயம்புத்தூர் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல. பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற கழியின் முன்முனையைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு இது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பாயை ஏற்றிய பிறகு, பாய்மரத்தை ஒட்டிய குறுக்குச் சுருக்கங்கள் மறையும் வரை இழுங்கள். காற்று கூடினால் இன்னும் இழுக்க வேண்டும். பாயின் தொப்பை முன்னுக்கு நகரும். மேல்பகுதி விரிந்து உபரிக் காற்றை வழியவிடும். தனியாகப் போகும்போது கரையிலேயே ஒரு பிடி கூடுதலாக இழுத்துவிடுவேன். கடலில் சுக்கானை விட்டுவிட்டு முன்னால் தவழ்ந்து போக யாரால் முடியும்?

2. அவுட்ஹால்

பாயின் கீழ்விளிம்பைப் பின்னோக்கி இழுப்பது. மெல்லிய காற்றில் சற்றுத் தளர்வாக, பலத்த காற்றில் தட்டையாக. அவ்வளவுதான்.

3. மெயின்ஷீட்

நம் மீனவர்கள் தாமான் என்று சொல்லும் கயிறு இது. கப்பிகள் வழியாக வரும் இந்தக் கயிறு இரண்டு வேலை செய்கிறது: பாயை உள்ளே இழுக்கிறது, அதன் பின்விளிம்பைக் கீழ்நோக்கி இறுக்கவும் செய்கிறது. காற்றை எதிர்த்து ஓடும்போது இரண்டாவதுதான் முக்கியம். பாயின் பின்விளிம்பில் மேலே இருக்கும் நாடாவைப் பாருங்கள். அது பின்னோக்கிப் பறந்தால் சரி. பாயின் மறுபுறம் போய் ஒளிந்துகொண்டே இருந்தால் இறுக்கம் அதிகம். சில அங்குலம் விடுங்கள்.

ஒரு கை சுக்கான் கோலில் இருக்கும்போது மற்றொரு கையால் எப்படி இழுப்பது? தாமானை மார்பு வரை இழுங்கள். சுக்கான் கோலைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கு அடியில் அதை அழுத்திக்கொள்ளுங்கள். இழுத்த கையை மறுபடி கப்பியருகே நீட்டி அடுத்த முழத்தை எடுங்கள். கோல் அசையக் கூடாது. இதைக் கரையில் ஐம்பது முறை செய்து பார்த்தாலும் தவறில்லை.

கப்பியோடு இருக்கும் கவ்வியில் கயிற்றைக் கீழ்நோக்கி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். மேலே வெடுக்கென்று இழுத்தால் விடுபடும். வீச்சு வந்து போகும் காற்றில் கவ்வியில் மாட்டவே மாட்டாதீர்கள். காற்று வரும் பக்கத்து மிதவை எழும்பத் தொடங்கியதும் ஒரு முழம் விட்டால் படகு உட்கார்ந்துவிடும். யோசித்துவிட்டு விடலாம் என்றால் அதற்குள் தண்ணீரில் இருப்பீர்கள்.

எனக்கு நடந்தது வேறு. கை தயாராக இருந்தது, கயிறு தயாராக இல்லை. மிச்சக் கயிறு, மிதவைகளுக்கு நடுவே நாம் உட்காரும் வலைத்துணியிலிருந்து வழுக்கிப் பின்னால் கடலில் இழுபட்டு, முறுக்கி, முடிச்சாகியிருந்தது. வீச்சு வந்தபோது விட்டேன். முடிச்சு கப்பியில் போய் அடைத்துக்கொண்டது. மீதியை நீந்தியபடி யோசித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் மிச்சக் கயிற்றைக் கண்ணால் ஒருமுறை தேடுகிறேன்.

4. டிராவலர்

பின்குறுக்குச் சட்டத்தில் கப்பியை இடவலமாக நகர்த்தும் அமைப்பு. ஹோபி 16-இல் தாமானின் மறுமுனையே இதன் கயிறும். மெல்லிய காற்றில் நடுவில் இருக்கட்டும். தாமானை அடிக்கடி விட வேண்டியிருந்தால், காற்று போகும் பக்கமாக ஒரு சாண் தள்ளிவிடுங்கள். பாயின் வடிவம் கெடாமல் பலம் மட்டும் குறையும்.

5. காற்றை ஊடறுத்துத் திரும்புதல்

இந்தப் படகு பாதியில் நின்றுவிடும் குணமுடையது. வேகத்தோடு நுழையுங்கள், சுக்கானை நிதானமாகத் தள்ளுங்கள். மூக்கு காற்றைக் கடக்கும்போது தாமானை இரண்டடி விடுங்கள். இறுக்கிய பாய் மூக்கை மறுபடி காற்றுக்கே திருப்பிவிடும். அப்படியும் நின்றுவிட்டால் பூமையும் சுக்கான் கோலையும் உங்களைவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து, மூக்கு அந்தப் பக்கம் விழும். பிறகு நேராக்கி மெல்ல இழுங்கள்.

கரைக்கு வந்ததும் பாயை இறக்குமுன் டவுன்ஹாலை முழுவதும் தளர்த்துங்கள். பாய்மர உச்சியில் உள்ள கொக்கியில் மாட்டிய வளையம் அதற்குமுன் கழன்று வராது.