இங்கிள்டன் அருவிச் சுற்று: முதன்முறை நடப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள இங்கிள்டன் கிராமத்தை நோக்கி இரண்டு ஆறுகள் இறங்கி வருகின்றன. மேற்கே ட்விஸ், கிழக்கே டோ. ஊரை ஒட்டி இரண்டும் கலந்து கிரீட்டா ஆறாகின்றன. ட்விஸ் கரையோடு ஏறி, மேட்டு நிலத்தைக் குறுக்கே கடந்து, டோ கரையோடு இறங்குவதுதான் இந்தச் சுற்று. தூரம் சுமார் 7 கி.மீ., ஏற்றம் சுமார் 170 மீட்டர், படிகள் ஆயிரத்துக்கும் மேல். 1885 முதல் நுழைவுக் கட்டணத்துடன் இயங்கும் பாதை இது. கார் நிறுத்தும் செலவும் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

முதன்முறை வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான்: பெரிய அருவியான தோர்ன்டன் ஃபோர்ஸைப் பார்த்ததும் நடை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவது. அது பாதி வழிக்கு முன்பே வந்துவிடுகிறது. அதுவரை வேகமாக ஏறிக் களைத்தவர்களுக்கு, டோ கரையின் ஈரப் படிகளில் இறங்கும்போது முழங்கால் ஒத்துழைக்காது. கால் வலுவைப் பின்பாதிக்கு மிச்சம் வையுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. நேரத்தைக் கணக்கிடுங்கள்

மலை நடைக்காரர்கள் 1892 முதல் பயன்படுத்தும் நெய்ஸ்மித் விதி எளிது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு நிமிடம். அதன்படி 84 நிமிடமும் 17 நிமிடமும் சேர்ந்து 101 நிமிடம். இது நிற்காமல் நடக்கும், பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் நான்கு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கிடையில் அதற்கும் முன்பே இருட்டும் என்பதால் குளிர்காலத்தில் காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

2. பையில் என்ன

ஆழமான பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணிதான் முதலில். தேய்ந்த ஓட்டக் காலணி பாசி படிந்த பலகைக்கல்லில் வழுக்கும். மழைச் சட்டை, உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை. பருத்தி நனைந்தால் உலராமல் உடம்பைக் குளிரச் செய்யும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். புளிச்சோறோ சப்பாத்திச் சுருளோ எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓ.எல். 2 வரைபடத்தில் இந்தப் பகுதி முழுவதும் உண்டு. குழந்தைத் தள்ளுவண்டி இந்தப் படிகளில் ஏறாது. கைக்குழந்தையை முதுகுத் தூளியில் சுமக்க வேண்டும்.

3. ட்விஸ் கரையில் ஏறுங்கள்

நுழைவாயிலில் இருந்து பாதை ஸ்வில்லா பள்ளத்தாக்குக்குள் போகிறது. ஓக், ஆஷ் மரங்கள் அடர்ந்த, எப்போதும் ஈரம் வடியும் காடு. காசுகள் அடித்துச் செருகிய அடிமரங்கள் இங்கே கண்ணில் படும். மேனர் பாலம், பெக்கா பாலம் என இரண்டு பாலங்களில் கரை மாறிய பிறகு செங்குத்தான படிகள் தொடங்குகின்றன. பெக்கா அருவிகள் அடுக்கடுக்காக இறங்குவது இவற்றின் பக்கத்தில்தான். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியவில்லையா, நின்றுவிடுங்கள். பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டுப் பார்வை மேடைகளில் நில்லுங்கள், படியின் நடுவில் வேண்டாம்.

4. தோர்ன்டன் ஃபோர்ஸில் உட்காருங்கள்

ஸ்காண்டினேவியர்களின் பழைய மொழியான நார்ஸில் 'ஃபோர்ஸ்' என்றாலே அருவிதான். 14 மீட்டர் உயரம். தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் பாறையைக் கவனியுங்கள்: மேலே படுக்கை வசமாகச் சுண்ணாம்புக்கல், அடியில் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் மிகப் பழைய பாறை. இரண்டுக்கும் இடையில் பத்துக் கோடி ஆண்டுக்கும் மேலான காலம் காணாமல் போயிருக்கிறது. பிரிட்டனில் இதைவிடத் தெளிவாக அந்த இடைவெளியைக் காட்டும் இடங்கள் குறைவு. அரை மணி நேரம் இங்கே செலவிடுவது வீணல்ல. சாப்பாட்டையும் இங்கேயே முடியுங்கள். அருவியின் அடிக்குளத்தில் இறங்க ஆசை வரும். கோடையிலும் நீர் கடுங்குளிர். சட்டென்று குதித்தால் மூச்சு திணறும். மழைக்குப் பிறகு கரைப்பக்கமே போக வேண்டாம்.

5. மேட்டைக் கடந்து செல்லுங்கள்

ரேவன்ரே பாலத்தைத் தாண்டிப் படியேறினால் ட்விசில்டன் சந்து. காடு முடிந்து வெட்டவெளி. 723 மீட்டர் இங்கிள்பரோ மலை எதிரே தெரியும். காற்று அடிக்கும், மழைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடு மேயும் நிலம் என்பதால் நீங்கள் திறந்த வாயிற்கதவுகளை மூடிவிட்டுப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

6. டோ கரையில் இறங்குங்கள்

பீஸ்லி அருவிகளில் இருந்து கீழே பேக்ஸெங்கில் பிளவு, ஸ்னோ அருவி என்று ஆறு நெருக்கமாக விழுந்துகொண்டே போகும். விபத்துக்கு வாய்ப்பு அதிகம் உள்ள பகுதி இதுதான். அடியைச் சிறிதாக வையுங்கள், பாதம் முழுவதும் படியில் பதியட்டும், முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். படியின் விளிம்பில்தான் ஈர இலை தேங்கும். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் நின்றுகொண்டு, பிறகு கைப்பேசியை எடுங்கள்.

யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் அடிபட்டவருடன் இருக்க, மற்றவர் மேட்டுக்கு ஏறிப் பேச வேண்டும். கடைசியாகக் கடந்த பாலம் அல்லது அருவியின் பெயரைச் சொன்னால் தேடுவது சுலபம்.

பழைய சுண்ணாம்புக்கல் குவாரியைக் கடந்ததும் பாதை ஊருக்குள் முடியும். கார் நிற்பது ஊரின் கீழ்ப்பக்கம், ட்விஸ் கரையில். தெருவழியே இன்னும் சிறிது தூரம் நடக்க வேண்டியிருக்கும். கடைசி மடக்குத் தண்ணீரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.